குழாய்க்கு மப்ளர் கட்டிய கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் டல்லாஸிலிருந்து ஒரு படம் போட்டிருந்தான். பையன் என்று சொல்கிறேன், அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. வீட்டின் வெளிச்சுவரில் இருக்கும் தோட்டக் குழாய்க்குப் பழைய துண்டைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைப் போட்டு, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தான். கீழே "சார், எங்க வீட்டுக் குழாய்க்கு மப்ளர்" என்று எழுதியிருந்தான். நம் ஊர் நண்பர்கள் பலர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். மார்கழியில் இருபது டிகிரிக்கு இறங்கினாலே காதை மூடிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள் நாம். குழாய்க்குக் குளிரும் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2021 பிப்ரவரியில் நான் என் மகளுக்குச் சொன்ன ஒரு தவறான யோசனை நினைவுக்கு வந்தது. இதை எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வாத்தியாராக இருந்தவனுக்குத் தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததை எழுதுவது அவ்வளவு சுலபம் இல்லை.

என் மகளும் மாப்பிள்ளையும் டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறார்கள். அப்போது பேத்திக்கு ஏழு மாதம். பிப்ரவரி 14ஆம் தேதி, அங்கே ஞாயிற்றுக்கிழமை இரவு, நமக்குத் திங்கள் காலை, மகள் போன் செய்தாள். பனி கொட்டுகிறது, நாளைக்கு இன்னும் மோசமாகும் என்கிறார்கள் என்றாள். பேச்சோடு பேச்சாக, "அப்பா, ராத்திரி பூரா எல்லாக் குழாயையும் சொட்டுச் சொட்டா திறந்து வைக்கணும்னு டிவில சொல்றாங்க" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் எதுக்கும்மா? ராத்திரி பூரா தண்ணிய வீணாக்கிக்கிட்டு. நல்லா இறுக்கி மூடிட்டுப் படு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். அதற்குப் பதில் டல்லாஸில் இல்லை, நம் புதுச்சேரியில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நம் ஊருக்குக் கடல் உண்டு, நல்ல தண்ணீருக்கு மட்டும் எப்போதும் திண்டாட்டம். கடற்கரையை ஒட்டி வெள்ளைக்காரர்கள் தெரு அமைத்துக்கொண்டார்கள். அங்கே கிணறு தோண்டினால் உப்புக் கரித்தது. நல்ல நீர் மேற்கே முத்திரப்பாளையம் பக்கம் இருந்தது. அங்கிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில் நடந்தது. அந்த வேலையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் லாமெரெஸ் என்ற பொறியாளர். நாம் தினம் கடந்து போகும் பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கிறதே ஆயி மண்டபம், அது அந்தத் தண்ணீர் வந்த சந்தோஷத்துக்கு எழுப்பியது. புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் அதே மண்டபம்தான்.

ஆயி கதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். விஜயநகர மன்னர் இந்தப் பக்கம் வந்தபோது விளக்கு எரியும் ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அவள் கெஞ்சி, தானே இடித்து, அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். இது செவிவழிக் கதை, கல்வெட்டு ஆதாரம் கேட்காதீர்கள். ஆனால் ஒரு ராஜாங்கம் தான் கட்டிய மண்டபத்துக்குத் தன் தளபதி பெயரையோ கவர்னர் பெயரையோ வைக்காமல் குளம் வெட்டியவள் பெயரை விட்டு வைத்தது என்றால், இந்த ஊரில் தண்ணீருக்கு என்ன மதிப்பு என்று புரிந்துகொள்ளலாம்.

லாமெரெஸ் பற்றி இன்னொரு செய்தி. அவர் குழாய்க்காரர் மட்டும் இல்லை. தமிழ்ப் பாடல்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1867இல் பாரிஸில் புத்தகமாகப் போட்டவர். பிற்பாடு பிரான்சின் ஜூரா மலைகளின் நீர்வளம் பற்றியும் எழுதினார். ஜூரா, பிரான்சிலேயே கடுங்குளிர் அடிக்கும் பகுதிகளில் ஒன்று. அந்த மலையில் தண்ணீர் ஓட வேண்டுமானால் முதல் கவலை உறைபனி. முத்திரப்பாளையத்தில் அந்தக் கவலையே இல்லை. இரண்டு ஊர்த் தண்ணீரையும் அறிந்த மனிதர் அவர்.

நான் பிறந்தது 1950களின் கடைசியில். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் கிடையாது. தெருமுனைக் குழாய்தான். விடியற்காலையில் அம்மா பித்தளைக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வருவார். குடத்துக்குப் பதில் சில நாள் ஒரு செங்கல் வரிசையில் நிற்கும், அதற்கும் மரியாதை உண்டு. குழாயை யாராவது சரியாக மூடாமல் போனால் எதிர்வீட்டு ஆயா வாசலில் நின்று ஏழு தலைமுறையை இழுப்பார். பிறகு நான் வாத்தியாராகி முப்பது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிக்கொடுத்தது, சொட்டும் குழாயை மூடு, ஒரு சொட்டு என்றாலும் ஒரு நாளைக்கு ஒரு வாளி. கரும்பலகையில் கணக்குப் போட்டே காட்டுவேன். என் மகளும் அதே பள்ளியில் அந்தக் கணக்கைப் போட்டவள்தான்.

அப்படி வளர்ந்தவனிடம் போய், ராத்திரி முழுக்கக் குழாயைச் சொட்டவிடலாமா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

இதில் வெட்கப்பட வேண்டியது இன்னொன்றும் உண்டு. தண்ணீர் உறையும்போது விரியும் என்பதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். மற்றப் பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீர் 4 டிகிரி வரை சுருங்கி, அதற்குக் கீழே போனால் விரிய ஆரம்பிக்கும், பனிக்கட்டி ஆகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருத்துவிடும். ஒரு வருடம் கண்ணாடி சோடா பாட்டிலில் தண்ணீரை நிரப்பி இறுக மூடி, ஒரு துணிப்பைக்குள் வைத்து வீட்டு பிரிட்ஜில் வைத்து, மறுநாள் விரிசல் விட்ட பாட்டிலைப் பையோடு வகுப்புக்கு எடுத்துப் போனேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். வீட்டில் ஃப்ரீசரைத் துடைத்த என் மனைவி கைதட்டவில்லை. அந்தப் பாட்டிலும் மகள் வீட்டுக் குழாயும் ஒன்றுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. பாடம் பாடப் புத்தகத்திலேயே இருந்துவிட்டது.

போனை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தேன். எங்கள் தெருவில் அப்போது ஒரு சொல்தா பெரியவர் இருந்தார். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நம் ஊர்க்காரர்களை நாங்கள் சொல்தா என்போம். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல். இடைப்பட்ட வருடங்களிலும் நம் பையன்கள் பலர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார்கள். இந்தோசீனாவில் சண்டை முடிந்ததும் சிலரை பிரான்சுக்கு ஏற்றினார்கள், அங்கிருந்து அல்ஜீரியாவுக்கு. இந்தப் பெரியவர் அப்படிப் போனவர். வயது எண்பத்தேழு, காது மந்தம், நினைவு மட்டும் கத்தி மாதிரி.

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் நம் ஊரில் அரசு நிற்குமா கவிழுமா என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், அவரும் அதையேதான் ஆரம்பித்தார். நான் மகள் சொன்னதைச் சொன்னேன், என் பதிலையும் பெருமையாகவே சொன்னேன்.

பேப்பரை மடித்தார். "வாத்தியாரே, என்ன காரியம் பண்ணீங்க! மொதல்ல போன போடுங்க. ரொபினே எல்லாத்தையும் தொறக்கச் சொல்லுங்க" என்றார். ரொபினே என்றால் பிரெஞ்சில் குழாய். பதற்றத்தில் அவருக்குப் பிரெஞ்சு வந்துவிடும்.

நான் அங்கேயே நின்று போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. அங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி அளவில் மாநிலம் முழுக்க மின்வெட்டு ஆரம்பித்திருந்தது, அது எனக்கு அப்போது தெரியாது. லைன் கிடைக்காத அந்த நேரத்தில் அவர் தன் கதையைச் சொன்னார். என்னைத் திசைதிருப்பத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

1956 பிப்ரவரி. அவர் தெற்கு பிரான்சில் ஃப்ரேழூஸ் என்ற ஊரில் முகாமில் இருந்தார். காலனி நாட்டுச் சிப்பாய்களைக் குளிர் குறைந்த தெற்கில் வைத்துப் பழக்குவது பிரெஞ்சு ராணுவத்தின் வழக்கம், அதற்குப் பேர் போன ஊர் அது. கடற்கரை, வெயில், ஆலிவ் மரம். அந்த வருடம் ஜனவரி இதமாக இருந்து மரங்களில் சாறு ஏறத் தொடங்கியிருந்தது. பிப்ரவரி பிறந்ததும் வடகிழக்கிலிருந்து கடுங்குளிர் இறங்கி, ஏறக்குறைய மாதம் முழுவதும் ஐரோப்பாவையே உலுக்கிவிட்டது. ப்ரோவான்ஸ் பகுதியின் ஆலிவ் தோப்புகள் பட்டுப்போனது அந்த மாதத்தில்தான். நூறு வருடத்து மரங்கள் நின்ற இடத்திலேயே வெடித்தன. வேரிலிருந்து மறுபடி துளிர்க்க வைக்க மரத்தைத் தரையோடு அறுத்தார்கள்.

"மரத்துக்குள்ள தண்ணி ஒறைஞ்சா மரம் வெடிக்குது, பைப்புக்குள்ள ஒறைஞ்சா பைப்பு வெடிக்குது. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் பெரியவர். ஒன்பது சதவீதம் என்று படித்த நான் வாயைத் திறக்கவில்லை.

வடக்கே பாரிஸ் பக்கம் குழாயைத் தரைக்குள் ஆழமாகப் பதித்திருப்பார்களாம். தெற்கில் அந்தப் பயம் இல்லாததால் முகாமில் வெளிச்சுவர் மேலேயே குழாய் ஓடியது. முதல் வாரமே பாதி போய்விட்டது. மீதியைக் காப்பாற்ற ஒரு வயதான சார்ஜண்ட் இவர்களை வேலைக்கு விட்டார். வைக்கோலைப் பிரியாகத் திரித்துக் குழாயில் நெருக்கமாகச் சுற்றுவது, அதன்மேல் சாக்கு. அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்க இதுதான் வழக்கம். இரவில் பிரதான வால்வை மூடி, கடைசிக் குழாயைத் திறந்து லைனைக் காலி செய்துவிடுவது. காலி செய்ய முடியாத லைனில் குழாயைச் சொட்டவிடுவது. உறைந்துபோன குழாய்க்கு நெருப்புக் காட்டக்கூடாது, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்ற வேண்டும், அதுவும் குழாய் வாய்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து உள்நோக்கிப் போக வேண்டும். நடுவில் சூடு காட்டினால் உருகின தண்ணீருக்குப் போக வழி இருக்காது.

"எங்கூர்ல நாங்க வைக்கோல மாட்டுக்குத்தான் போடுவோம்னேன். சார்ஜண்டு சிரிச்சாரு. குளிருன்னா என்னன்னு தெரியாத ஊருக்காரன்தான் மொதல்ல சாவான், ஆலிவ் மரத்தப் பாருன்னாரு."

சொட்டவிடுவது எதற்கு என்பதைப் பிறகு நான் தேடிப் படித்தேன். ஓடும் தண்ணீர் உறையாது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. 1990களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் வீட்டுக் குழாய்களை உறையவைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குழாய் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் வெடிப்பதில்லை. நடுவில் எங்கேயோ பனிக்கட்டி அடைப்பாக உருவாகி வளர்கிறது. அந்த அடைப்புக்கும் மூடிய குழாய் வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் போக்கிடம் இல்லாமல் நசுங்குகிறது. அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே கிழிகிறது. அது குளிரே படாத சமையலறை இணைப்பாகக்கூட இருக்கலாம். குழாய் வாய் கொஞ்சம் திறந்திருந்தால் அந்த அழுத்தம் சொட்டோடு சொட்டாக வெளியேறிவிடும். வெளியே 20 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் மைனஸ் 7 செல்சியஸ் வந்தால் உஷாராகிவிட வேண்டும் என்பதும் அவர்கள் சோதனையில் கண்டதுதான். சோடா பாட்டிலின் மூடியை நான் திருகாமல் விட்டிருந்தால் பாட்டில் தப்பித்திருக்கும். இவ்வளவுதான் விஷயம். சிக்கனம் என்று நினைத்து மகளிடம் நான் இறுக்கச் சொன்னது அந்த மூடியைத்தான்.

லைன் கிடைத்தபோது நமக்கு மாலையாகிவிட்டது. மின்சாரம் இல்லை, வீட்டுக்குள்ளேயே மூச்சு விட்டால் புகை வருகிறது, குழந்தையை இரண்டு பேருக்கு நடுவில் போட்டு மூன்று கம்பளி போர்த்தியிருக்கிறோம் என்றாள். பெரியவர் சொன்னதை வரிசையாகச் சொன்னேன். மாப்பிள்ளை டார்ச்சோடு ஓடினார். எல்லாக் குழாயும் திறந்தது, மாடிக் குளியலறைக் குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை. வடக்குச் சுவர். அது உறைந்துவிட்டது.

"அப்ப அதுதான் வெடிக்கப் போவுது. இப்பவே மெயின் வால்வு எங்க இருக்குன்னு பாத்து வெக்கச் சொல்லுங்க. கண்ண மூடிக்கிட்டு போனாலும் கை அங்க போவணும்" என்றார் பெரியவர். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம், வால்வு எங்கே என்று தெரியாது. தெருவோரம் புல்லுக்கடியில் மீட்டர் பெட்டி, அதன்மேல் ஒரு ஜாண் பனி. மண்வெட்டி கூட இல்லை. குழம்புச் சட்டியால் பனியை வாரித் தள்ளிக் கண்டுபிடித்தார். அதைத் திருப்ப ஒரு நீளமான சாவி வேண்டும், அது பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரரிடம் இருந்தது.

மறுநாள் 16ஆம் தேதி காலை டல்லாஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19. 1949க்குப் பிறகு அந்த ஊர் பார்க்காத குளிர். புதன்கிழமை மின்சாரம் வந்து, வீடு சூடேறி, அப்பாடா என்று உட்கார்ந்த நேரத்தில் மாடியில் டப் என்று சத்தம். உறைந்திருக்கும் வரை பனிக்கட்டியே அடைப்பானாக இருக்கும். உருகும்போதுதான் ஓட்டை தெரியும். மாப்பிள்ளை சாவியோடு தெருவுக்கு ஓடி இரண்டு நிமிடத்தில் மூடிவிட்டார். அப்படியும் கீழ் அறை உள்கூரை ஒரு பாய் அளவுக்கு ஊறி விழுந்தது. தொட்டில் அந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது. முந்தின நாள் குளிருக்காக வேறு அறைக்கு இழுத்திருந்தார்கள்.

இதை எழுதும்போதும் கை கொஞ்சம் நிற்கிறது.

அவர்கள் தெருவிலேயே நான்கு வீட்டில் வால்வு தெரியாமல் மணிக்கணக்கில் தண்ணீர் கொட்டியது. டெக்சாஸ் முழுக்க 45 லட்சம் வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்ற அறிவிப்பு ஒன்றரைக் கோடிப் பேருக்கு நெருக்கமாகப் போனது. மாநில அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர். பிளம்பர் கிடைக்காமல் வெளி மாநிலங்களிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். மகள் வீட்டுக்குப் பிளம்பர் வந்தது பன்னிரண்டாம் நாள். அதுவரை கழிவறைக்குப் பனியை வாளியில் அள்ளி வந்து உருக்கி ஊற்றினார்கள். (பிளம்பர் என்ற சொல்லே ஈயம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமாபுரியில் ஈயக் குழாய் போட்டவர்களின் பெயர் இன்னும் நிற்கிறது.)

இன்னொரு சிக்கலையும் மறைக்கக்கூடாது. ஹூஸ்டனில் எல்லோரும் குழாயைச் சொட்டவிட்டு, உடைந்த குழாய்களிலும் கொட்டி, மின்சாரம் இல்லாமல் பம்புகளும் ஓயவே, ஊர் முழுக்க அழுத்தம் விழுந்துவிட்டது. குழாய் வெடிக்காமல் இருக்கத் தண்ணீரைத் திறந்து வைக்காதீர்கள் என்று நகராட்சியே கேட்டுக்கொண்டது. ஆஸ்பத்திரிகளுக்குத் தண்ணீர் போகவில்லை. ஆக என் பழைய பாடத்துக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கிறது. ஆனால் அங்கேயும் சரியான வழி இறுக்கி மூடுவது இல்லை, மெயினை மூடிவிட்டு லைனைக் காலி செய்வது. ஃப்ரேழூஸ் சார்ஜண்ட் முதலில் சொன்னதும் அதுதான்.

இத்தனை பணக்கார நாட்டில் ஏன் இப்படி என்று நம்மூரில் பலர் கேட்டார்கள். என் மகளின் தோழி ஒருத்தி, யாழ்ப்பாணத்துப் பெண், டொரண்டோவில் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். "மைனஸ் பத்தொன்பதோ? இஞ்ச அது ஒவ்வொரு வருஷமும் வாறதுதானே அக்கா. எங்கட பைப் ஒண்டும் வெடிக்கேல்லையே" என்றாளாம். அதே குளிர், இரண்டு ஊர். ஒன்றில் பள்ளிக்கூடம் வழக்கம்போல் நடக்கிறது, மற்றதில் கூரை விழுகிறது. ஸ்கார்பரோவில் தெருக்குழாய் ஒன்றரை மீட்டருக்கும் கீழே, உறைபனி எட்டாத ஆழத்தில் போகிறது, வீட்டுக்குள் நிலவறையில் ஏறுகிறது. நிலவறையில்தான் சூடேற்றும் அடுப்பும் இருக்கும். டல்லாஸ் வீடுகளுக்கு நிலவறை கிடையாது. காங்கிரீட் தளத்தின்மேல் அப்படியே வீடு. குழாய்கள் பல வீடுகளில் கூரைக்கடியில் பரணில் ஓடும், அல்லது வெளிச்சுவருக்குள் ஓடும். நாற்பது டிகிரி கோடையை நினைத்துக் கட்டிய வீடுகள் அவை. பரணில் காற்றோட்டம் இருக்க வேண்டும், அந்தக் காற்றோட்டம்தான் பிப்ரவரியில் எமனாக வந்தது.

குளிர் அங்கே வந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1899 பிப்ரவரியில் டெக்சாஸில் ஓர் ஊரில் மைனஸ் 30ஐயும் தாண்டியது. 1949, 1989, பிறகு 2011 பிப்ரவரி. 2011இல் மின்நிலையங்கள் உறைந்து நின்றபோது, குளிரைத் தாங்கும்படி கருவிகளுக்கு உறை போடுங்கள் என்று மத்திய அமைப்புகள் விசாரணை அறிக்கையே கொடுத்தன. பெரும்பாலும் அலமாரியில் தூங்கியது. பத்து வருடத்துக்கு ஒரு முறை வரும் விருந்தாளிக்காக யார் கட்டில் வாங்கி வைப்பார்கள் என்ற நினைப்பு. நம் ஊரில் மழைநீர்க் கால்வாய் தூர் வாருவதைப் பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது. சொல்லி வைத்தாற்போல் அதே வாரக் கடைசியில், பிப்ரவரியில் வராத மழை புதுச்சேரியில் கொட்டி, தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர்.

நம் நாட்டிலேயே இதை அனுபவமாக வைத்திருப்பவர்கள் காஷ்மீர்க்காரர்கள். டிசம்பர் 21லிருந்து நாற்பது நாளுக்குச் சில்லாய் கலான் என்று பெயர், பெருங்குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் இருபது நாள் சின்னக் குளிர், பத்து நாள் குட்டிக் குளிர். நம் அக்கினி நட்சத்திரம் மாதிரி குளிருக்கு ஒரு பஞ்சாங்கமே உண்டு. டெக்சாஸ் உறைவதற்கு ஒரு மாதம் முன்னால், 2021 ஜனவரி 14, நமக்குப் பொங்கல், அன்று ஸ்ரீநகரில் மைனஸ் 8.4. முப்பது வருடத்தில் அதுதான் குறைவு. அங்கேயும் குழாய் உறைந்தது. காலையில் குழாயடியில் காகிதத்தைக் கொளுத்தி உருக்குவதும், சாக்குச் சுற்றி வைப்பதும் அவர்களுக்கு வாசல் பெருக்குவது போன்ற வேலை. லடாக்கில் குளிர்காலத்தில் குழாயை நம்பாமல் லாரித் தண்ணீர் பிடிக்கும் இடங்கள் உண்டு. இப்போது அங்கே உறைபனி எட்டாத ஆழத்தில் குழாய் பதிக்கிறார்கள். நம் ஊட்டியில் புல்வெளி வெள்ளையாகும் அளவுக்கு உறைபனி வரும், பூங்காவில் செடிகளுக்குப் போர்வை போடுவார்கள். ஆனால் விடிந்ததும் வெயில் வந்துவிடும், குழாய் பெரும்பாலும் தப்பிக்கும்.

நம் வீடுகளைப் பார்த்தால், குளிருக்கு ஒரு முன்னேற்பாடும் கிடையாது. மொட்டை மாடியில் கறுப்பு டேங்க், அங்கிருந்து வெளிச்சுவரில் வெயில் காய்ந்துகொண்டே இறங்கும் பிளாஸ்டிக் குழாய். சித்திரையில் பகல் பன்னிரண்டுக்குக் குழாயைத் திறந்தால் காப்பி கலக்கலாம். தரைக்குள் இருப்பதும் ஒரு கடப்பாரை ஆழம்தான், கேபிள் தோண்டுகிறவர்கள் மாதம் ஒரு முறை அதை நமக்கு நினைவூட்டுவார்கள். லாமெரெஸ் காலத்திலிருந்து இந்த ஊர்க் குழாய் பயந்தது உப்புக்கு. பனிக்கு இல்லை. டல்லாஸ் குழாய் பயந்தது கோடைக்கு. ஃப்ரேழூஸ் குழாய் எதற்குமே பயப்படாமல் சுவர்மேல் ஓடியது.

மகள் வீட்டில் இப்போது பரணில் ஓடும் குழாய்க்கெல்லாம் பஞ்சு உறை மாட்டியிருக்கிறார்கள். வெளிக்குழாய்க்கு மூடி. குளிர் அறிவிப்பு வந்தால் கழுவு தொட்டிக்கு அடியில் இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வைக்கிறாள், அறைச் சூடு உள்ளே போவதற்காக. சொட்டும் தண்ணீரைக் கீழே பாத்திரம் வைத்துப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறாள். அதை வீடியோ காலில் காட்டி, "அப்பா, வீணாக்கல பாருங்க" என்றாள். மீட்டர் பெட்டிச் சாவி சொந்தமாக ஒன்று வாங்கி, வாசல் பிள்ளையார் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கிறார்கள்.

சொல்தா பெரியவர் அதற்கு அடுத்த வருடம் காலமானார். போவதற்குச் சில மாதம் முன்னால் ஒரு நாள் என்னைப் பார்த்து, "அது கெடக்கட்டும் வாத்தியாரே, ஒங்க வூட்டு மெயின் வால்வு எங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடமாகக் குடியிருக்கும் சொந்த வீடு. அன்று சாயங்காலம் கொல்லையெல்லாம் தேடினேன். துளசி மாடத்துக்குப் பக்கத்தில் எப்போதோ தளம் போட்ட மேஸ்திரி அதையும் சேர்த்து சிமெண்ட் பூசி மூடியிருக்கிறார். உளியால் கொத்தி எடுத்தோம். துருப்பிடித்துத் திரும்பவே இல்லை, வேறு மாற்றினோம், அறுநூற்று ஐம்பது ரூபாய்.

உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகள், உங்கள் ஊரில் குழாயை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்றும் எழுதுங்கள்.